மார்த்தாவின் தலைப்பிரசவம்

எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். லண்டனில் வம்சாவளி தேடிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கிராமமொன்றில் வாழ்ந்த மார்த்தா என்ற விவசாயப் பெண்ணின் தாயைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மார்த்தாவின் மூத்த பிள்ளை அயலூரில் ஒரு விதவையின் வீட்டில் பிறந்திருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"பிறகென்ன? தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குத்தானே போவினம்!"

எனக்கும் சந்தேகமே வரவில்லை. விதவையைத் தாயாக்கி வம்சாவளியை முடித்தேன். வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் சரிபார்த்த மேலதிகாரி ரவி அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்த மனிசி மார்த்தாவின்ர புருசனைப் பெத்த தாய். மறுமணம் செய்ததால பெயர் மாறியிருக்கு; அந்த ரெண்டாம் புருசனும் செத்துத்தான் திரும்ப விதவையானவ. நீர் மார்த்தாவைச் சொந்த அண்ணனுக்கே கட்டிவைச்சிட்டீர்!"

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவரோ சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது பதிவைக் கண்ணால் பார்க்காமல் நான் யாரையும் யாருக்கும் தாயாக்குவதில்லை. அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை.

"பாவம் அந்தப் பிள்ளை. பிள்ளைபெத்த உடம்புக்கு மாமியார் மருந்துச்சாமான் அரைச்சுச் சரக்குக்கறி காய்ச்சிக் குடுத்திருப்பாவோ?"