தனக்கா பூசிய பருந்து

கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே கருடன் சுற்றினால் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் போட்டுக்கொள்வதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாமா மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னார். பர்மாவில், தாகேதாவில் இருக்கும் எங்கள் அம்மன் கோயிலுக்குக் கருடன் வந்த கதை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் கதையில் கோழிக்கூடை வராது. முகத்துக்குப் பூசுகிற தனக்கா வராது. அவர் விட்டதை நான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் என்னை நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தம்பி பிறந்திருந்தான். அம்மா தையல் வேலைக்குப் போனாள், அப்பா தன்லியின் என்ற ஊர்ப்பக்கம் ஒரு ஆலைக்குப் போனார். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும். தொட்டில் மாடி ஜன்னல் ஓரத்தில் கட்டியிருந்தது. ஜன்னலுக்கு நேரே ஓடைக்கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கவட்டையில் கருடன் கூடு.

காலால் தொட்டிலை ஆட்டுவேன். கண் மரத்தில் இருக்கும்.

மரத்தடியில் டோ மியா என்ற பர்மியக்காரம்மா மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் விற்பார். காலையில் மீன் கழுவிய குடலையும் தலையையும் கரையில் வீசுவார். கருடன்கள் இறங்கிக் கவ்விக்கொண்டு போகும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம்.

குஞ்சு இரண்டு. முதலில் பஞ்சு உருண்டை மாதிரி இருந்தன. அப்புறம் முளைத்த இறகெல்லாம் பழுப்பு. தலைகூடப் பழுப்பு. ஒன்று பெரியது. கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். சின்னது அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கும். தாய் மீனோடு கூட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது. எட்டக் கிளையில் மீனைக் காலடியில் வைத்துக்கொண்டு கத்தும். வந்து வாங்கிக்கொள் என்று. பெரியது ஒரு நாள் கத்திக்கொண்டே தாவிவிட்டது. மறுநாள் அது கூட்டில் இல்லை. சின்னது விளிம்பு வரை வரும். கீழே பார்க்கும். பின்னால் போய்விடும்.

"வா, தாவு" என்று சத்தமாகவே சொல்வேன். தம்பி விழித்து அழுவான்.

அது பறப்பதைப் பார்க்க வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு இருந்தார். கோயில் கமிட்டியில் அவர் பேச்சுத்தான் உரக்கக் கேட்கும். முந்தின கும்பாபிஷேகத்தில் கருடன் வரவில்லை. அதன் பிறகு வார்டில் கடை எரிந்தாலும், கல்யாணம் நின்றாலும் அதைத்தான் சொன்னார்கள். பக்கத்துத் தின்கன்ஜூன் கோயில்காரர்களுக்கு இளக்காரம்.

"ஏம்ப்பா, ஒங்க ஆத்தா வீட்டு விலாசம் கருடனுக்குத் தெரியலயா?"

மாமாவுக்குச் சோறு இறங்காது. பங்குனியில் மறுபடி கும்பாபிஷேகம் வைத்தார்கள். அந்த மாதம் முழுக்க அவர் வானத்தைப் பார்த்தே நடந்தார்.

கூட்டைக் காட்டியது நான். என் வாய்தான். "மாமா, நம்ம ஜன்னல்லயே கருடன் இருக்கு. குஞ்சு பொரிச்சிருக்கு, வந்து பாருங்க."

வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் காட்டிய ஒன்றை ஒரு பெரியவர் அத்தனை நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு சிரித்தார். "அட லூசுப்புள்ள. கருடனுக்குத் தலை வெள்ளை. இது என்ன, சேத்துல பொரண்ட மாதிரி? கோழி தூக்குற பருந்து."

"அப்பனும் ஆத்தாளும் வெள்ளத் தலைதானே மாமா?"

"பருந்து முட்டைய அதுங்க கூட்டுல வச்சிட்டுப் போயிருக்கும். குயில் செய்யல?"

டோ மியா கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பர்மியத்தில் சொன்னார்: "அண்ணே, அது சின்னப்பிள்ளை நிறம். ரெண்டு மூணு மழைக்காலம் போனால் தலை வெளுக்கும்."

"மீன் கழுவுறவளுக்குக் கருடனப் பத்தி என்ன தெரியும்?" என்று தமிழில் சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார்.

டோ மியாவுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர் கமிட்டியில் இருந்தார்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் தம்பிக்குக் காய்ச்சல். அம்மாவும் நானும் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனோம். திரும்பி வந்தபோது கூடு காலி. பறந்துவிட்டது, நான் பார்க்கவில்லை என்று அழுதேன். அப்போது, தூண் மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கடியில் சத்தம் கேட்டது. கவிழ்த்த கோழிக்கூடை. உள்ளே அது. தேங்காய் பறிக்கிறவனை மரத்தில் ஏற்றி அதை இறக்கியிருந்தார் மாமா.

"விடுங்க மாமா! அதுக்கு இன்னும் பறக்கத் தெரியாது!"

"ஏய், கத்தாத. நாளைக்கு நானேதான் விடப்போறேன். ஒனக்கு அது பறக்கணும், அவ்வளவுதானே? எல்லாரும் பாக்க கோபுரத்துலேர்ந்து பறக்கும்."

அம்மா படியில் நின்றாள். "பாவம்டா தம்பி. சாமி காரியத்துல போய்..."

"கருடனத் தொட்டாத்தான்க்கா பாவம். இது வெறும் பருந்து."

இங்கே புத்தர் கோயில் பகோடா வாசலில் கூண்டில் குருவி விற்பார்கள். வாங்கித் திறந்துவிட்டால் புண்ணியம். மாமா சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தவர். கூண்டைத் திறந்தால் பறவை பறக்கும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் குருவிகள் பறந்து திரிந்தபோது பிடிபட்டவை. அதை அவர் யோசிக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "போயி தனக்கா அரைச்சு எடுத்துட்டு வா. கெட்டியா."

முகத்தில் பூச தினமும் நான் அரைப்பதுதான். கல்லில் தண்ணீர் தெளித்து, தனக்காக் கட்டையைத் தேய்த்தேன். கிண்ணம் நிறைய. எதற்கு என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பறக்கும் என்று சொன்னாரே, அதை நம்பினேன். அவர் கூடைக்குள் கையை விட்டு அதன் தலையிலும் நெஞ்சிலும் பூசினார். அது கொத்தவில்லை. வாயைத் திறந்தபடி இருந்தது. காய்ந்ததும் வெளுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கருடன்தான்.

கருடன் குஞ்சைப் பிடித்து அதற்குக் கருடன் வேஷம் போட்ட கமிட்டி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மறுநாள் கோயிலில் நிற்க இடமில்லை. மாமா கூடையோடு கோபுரத்துக்குப் பின்னால் சாரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். கூடை மேல் மஞ்சள் துணி. பூசைச் சாமான் என்று நினைத்திருப்பார்கள். மேளம் வேகம் எடுத்தது. ஐயர் கலசத்தில் தண்ணீரை ஊற்றினார். மாமா குஞ்சை மேலே வீசினார்.

நான் மட்டும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அதன் மேலும் விழுந்தது. இறக்கையை நாலு தரம் அடித்தது. பறக்கப்போகிறது என்று நினைத்தேன். அப்புறம் கோபுரத்தில் உரசிச் சரிந்து, சமையல் கொட்டகைத் தகரத்தில் அடித்து, பின்பக்கம் விழுந்தது. மேளத்தில் சத்தம் கேட்கவில்லை.

அதே நேரம் யாரோ கத்தினார்கள். "கருடன்! அதோ, கருடன்!"

நிஜக் கருடன். கலசத்துக்கு மேலே ரொம்பத் தாழ்வாகச் சுற்றியது. கத்திக்கொண்டே சுற்றியது. கூட்டம் முழுக்கக் கை மேலே போனது. தின்கன்ஜூன்காரர்களும் கும்பிட்டார்கள். மாமா சாரத்திலேயே விழுந்து கும்பிட்டார். அழுதார். பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"கால்ல பாரு, நாகம்!" என்றார் ஒருவர். "நாகத்தோட வந்திருக்காரு!" கூட்டம் முழுக்க அதையே சொன்னது.

நாகம் இல்லை. மீன். இரண்டு மாதம் பார்த்த கண் எனக்கு.

அம்மா என் கையைப் பிடித்து என் கன்னத்தில் போட்டாள். நானும் போட்டுக்கொண்டேன். சாமியே வந்துவிட்டது, கொட்டகைக்குப் பின்னால் விழுந்ததைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அந்த நிம்மதியில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டேன்.

பிறகுதான் போய்ப் பார்த்தேன். விறகுக்குப் பக்கத்தில் கிடந்தது. உடம்பு இன்னும் சூடு. தனக்கா கரைந்து தலை மறுபடி பழுப்பாகியிருந்தது. மாமா வந்தார். காலைப் பிடித்துத் தூக்கி ஓடையில் எறிந்தார்.

"பருந்துதானே. பாத்தியா, நெசமானவரே வந்துட்டாரு."

கருடன் மூன்று நாள் கோபுரத்தைச் சுற்றியது. தன்லியினிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். கமிட்டி மைக் கட்டி அறிவித்தது. டோ மியா மட்டும் மீன் தலை வீசவில்லை. என்னோடும் பேசவில்லை. பொறாமை என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று நாளும் அது கோபுர உச்சியில் உட்காரும். மீனைக் காலடியில் வைத்துக்கொண்டு சமையல் கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தும். அந்தக் கத்தல் எனக்குத் தெரிந்த கத்தல். ஜன்னலில் எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். இருந்தும், ஏன் அந்த மீனைத் தின்னாமல் வைத்திருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கீழே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.