பங்களாவில் லைட் போட்டுவிட்டு வந்தது யார்?

பேய் வந்தால் மல்லிகைப்பூ வாசனை அடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் விஷயத்தில் அப்படி இல்லை. எனக்குப் பேய் என்றால் சொல்யூஷன் வாசனைதான். ஷூத் தோல் ஒட்டுகிற பசை இருக்கிறதே, அது. எங்கள் ஆம்பூரில் பாதிப் பேருடைய சட்டையில் அந்த வாசனை இருக்கும் என்பதால், சின்ன வயதில் நான் பயந்ததில் பெரும்பங்கு வீணாகத்தான் போயிருக்க வேண்டும்.

போன மாதம் வேலூரில் ஆபீசுக்கு ஷூ வாங்கப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து உள்ளே சுற்றியிருந்த மெல்லிய தாளை விலக்கினார். குப்பென்று அதே வாசனை. உடனே என் காதுக்குள் ஒரு மரக்கதவு முனகியது. பின்கழுத்து சிலிர்த்துவிட்டது. "சைஸ் கரெக்டா இருக்குதா மேடம்?" என்று அவர் கேட்கிறார். "கொஞ்சம் இருங்க, மாடில யாரோ நடக்கறாங்க" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஒரு சைஸ் சின்னது. அதற்கும் அந்தப் பங்களாதான் பொறுப்பு.

பங்களா என்றால் நிஜப் பங்களா இல்லை. ஒரு வீடியோ கேம். அதன் உண்மையான பெயர் எனக்கு இப்போது தெரியும். சொன்னால் நீங்கள் உடனே தேடிப்போய் முடிவைப் பார்த்துவிடுவீர்கள் என்பதால் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்கும் தெரியாது. இம்ரானின் மாமா துபாயிலிருந்து ஒரு பழைய கேம் பெட்டியும், ஒரே ஒரு மெமரி கார்டும், கொஞ்சம் சிடிக்களும் கொண்டு வந்திருந்தார். அதில் ஒன்றுக்கு அட்டையே கிடையாது. மேலே மார்க்கரில் யாரோ "ஹாரர், குட்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். போட்டால் எல்லாமே ஜப்பான் எழுத்து. ஒரு எழுத்துகூட நமக்குத் தெரிந்த ஜாதி இல்லை.

இம்ரானின் அப்பா வீட்டு மாடியில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருந்தார். பெரிய கம்பெனிகளிலிருந்து வெட்டிய தோல் வரும். அதை ஷூவின் மேல்பாகமாகத் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். மற்ற நாட்களில் அங்கே தையல் மெஷின்கள் போடுகிற சத்தத்தில் எந்தப் பேயாலும் குடியிருக்க முடியாது. வெள்ளிக்கிழமை யூனிட்டுக்கு லீவு. மெஷின்கள் நின்றுவிடும், வோல்டேஜ் நன்றாக இருக்கும், அட்டைப்பெட்டி அடுக்கும் அறையில் இருக்கிற டிவி எங்களுக்கு. மே மாத லீவில் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ஏங்கியவர்கள் ஊரிலேயே நாங்கள் மூன்று பேராகத்தான் இருப்போம்: இம்ரான், ஸ்டெல்லா, நான். மூன்று பேருக்கும் ஒரே வகுப்பு, ஒரே தெரு, ஒரே கணக்கு டியூஷன்.

பேய் விளையாட்டைப் பட்டப்பகலில் விளையாடுவதா என்று நினைப்பீர்கள். ஜன்னலுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளைக் கூரைவரை அடுக்கிவிடுவோம். அவ்வளவுதான், கும்மிருட்டு. மே மாத ஆம்பூர் வெயிலில், காற்றே இல்லாத அறையில், சொல்யூஷன் வாசனைக்கு நடுவில் மூன்று பேர். வேர்த்தது வெயிலுக்கா பயத்துக்கா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ள மாட்டோம். இம்ரானின் அம்மா, அதாவது அம்மி, மட்டும் அடிக்கடி கதவைத் திறந்து, "அரே, இந்த இருட்டுல இன்னா பண்றீங்க? கண்ணு கெட்டுப்போச்சுன்னா யாரு பாக்கறது?" என்பார். சரியாகப் பேய் வருகிற நேரம் பார்த்துத்தான் திறப்பார். பேயைவிட அம்மியைப் பார்த்துத்தான் நாங்கள் அதிகம் அலறியிருப்போம்.

கேமில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கி ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் போவார்கள், கதவு பூட்டிக்கொள்ளும். தொப்பி போட்டவன் இம்ரான். முடியைக் குட்டையாக வெட்டிய பெண் ஸ்டெல்லா. கண்ணாடி போட்ட பெண் நான்; என் பட்டப்பெயரே கண்ணாடிதான், எனவே அதில் தேர்தல் நடக்கவில்லை. நான்காவது ஆள் தாடி வைத்த ஒரு பெரியவர். அவருக்கு எங்கள் கணக்கு டியூஷன் சாரின் பெயரை வைத்தோம். எந்த அறையாக இருந்தாலும் முதலில் அவரைத்தான் உள்ளே தள்ளுவோம். "சார அனுப்புடா, சாருக்குதான் எல்லாம் தெரியும்ல" என்பாள் ஸ்டெல்லா. இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த விளையாட்டில் யார் அதிகம் சண்டை போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் பலம் ஏறும். நாங்கள் சாகட்டும் என்று அனுப்பி அனுப்பி, சார் அசைக்க முடியாத பீமசேனன் ஆகிவிட்டார்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கு. எண்ணெய் கம்மி. அடிக்கவும் எண்ணெய் செலவாகும், பார்க்கவும் செலவாகும். பேய் வந்தால் நான்கு கட்டளைகள் தெரியும்; படிக்க முடியாததால் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். அடி. மூச்சப் புடி. எண்ணெய் ஊத்து. ஓடு. இன்றைக்கு விற்கிற விளையாட்டுகளில் ரத்தம் வாளி வாளியாகக் கொட்டுகிறது. ஒன்றும் உறைப்பதில்லை. அந்தப் பங்களாவிலோ காலியான நடைவழியில் தூரத்துக் கதவு ஒன்று தானாகத் திறக்கும்; அவ்வளவுதான். உள்ளேயிருந்து எதுவும் வராது. வராததற்காகவே ஒரு வாரம் பயப்படுவோம். ஒரு கண்ணாடி முன்னால் நின்றால்தான் ஆட்டத்தைக் கார்டில் பதிய முடியும். அந்த அறையில் மட்டும் மெலிதாக ஒரு பியானோ ஒலிக்கும். அந்த இசைக்குப் பிறகு நிம்மதி என்பதற்கு எனக்கு வேறு சத்தம் தெரியாது.

செத்தால் செத்ததுதான் என்பது விதி. முதல் தடவை சமையலறையில் நான் செத்தேன். ஓரத்தில் இருந்த என் படம் மங்கிவிட்டது. பிறகு வரவே இல்லை. ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்லேர்ந்து ஆடலாம். நாலு பேரும் வெளில வரணும். ஒருத்தர் கொறஞ்சாலும் அது ஜெயிச்ச கணக்கில்ல."

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பாவுக்குப் பல்லாவரத்தில் தோலைப் பதம் பண்ணுகிற ஒரு டேனரியில் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பத்தோடு போய்விடுவார்கள். அதற்குள் நான்கு பேரையும் பங்களாவிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அந்த லீவில் எங்களுக்கு வேறு கவலையே கிடையாது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இம்ரான் ஜும்மா தொழுகைக்குப் போவான். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, "அம்மி மேல சத்தியம், தொடக் கூடாது" என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் படி இறங்குவான். திரும்பி வந்ததும் பிரியாணி. பிரியாணியோடு வருகிற கத்திரிக்காய்த் தொக்கு இருக்கிறதே, அதன் எண்ணெய் கையில் பட்டால் பட்டன் வழுக்கும். எனவே சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மோந்து பார்க்கக் கொடுத்தால்தான் ரிமோட் கைக்கு வரும். ஒருமுறை என் கை வழுக்கியதில் சார் ஒரு பேயைக் கட்டிப்பிடித்தார். அதையும் அவர் தாங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பங்களாவின் நிலவறைக்கு வந்தோம். படி இறங்கினால் நீளமான கூடம். வரிசை வரிசையாக ஏதோ தொங்குகிறது. கிட்டே போனால், தோல். முழுத் தோல்கள். பின்னணியில் பயங்கரமாக ஒரு வயலின் அலறுகிறது. உலகத்தில் இந்த இடத்துக்கு வந்த மற்ற எல்லோரும் படியேறி ஓடியிருப்பார்கள். ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏய், டேனரிடா இது! அப்பாவுக்கு சாப்பாடு எடுத்துனு போறப்ப தெனம் பாக்கறேன். பின்னாடி தோல் ஊறுற டிரம்மு இருக்கும் பாரு."

"இருக்குது! டிரம்மு இருக்குது!" என்றான் இம்ரான்.

எங்களுக்குப் பயமே போய்விட்டது. சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. முதல் தடவையாக சாரை முன்னால் அனுப்ப மறந்தோம். ஸ்டெல்லா தன் ஆளைத் தோல்களுக்கு நடுவே ஜாலியாக நடத்திக்கொண்டு போனாள். அப்போது படியில் கனமான காலடிச் சத்தம். திரையில் ஒரு கேள்வி வந்தது. கீழே இரண்டு பதில்கள். படிக்கத் தெரியாத எங்கள் வழக்கப்படி ஸ்டெல்லா மேலே இருந்ததை அமுக்கினாள். குட்டைமுடிப் பெண் கையிலிருந்த விளக்கை அணைத்தாள். ஒரு தோல் அவளைச் சுற்றிக்கொண்டது. மற்ற தோல்களோடு தோலாக அவளும் வரிசையில் தொங்கினாள். ஓரத்தில் அவள் படம் நீலமாக மங்கியது.

ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வரிசையில் தொங்குகிற தோலுக்கு உயிர் இருக்குமா என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைகூடக் கேட்காது.

"ஸ்டெல்லாவ பதம் பண்ட்டாங்கடா" என்றேன் நான்.

பதற்றத்தில் இம்ரான் மிச்ச மூன்று பேரையும் ஓட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனான். போன கையோடு, பழக்க தோஷத்தில், பதிந்துவிட்டான். பியானோ இனிமையாக ஒலித்தது. அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது: இனி அந்தக் கார்டில் ஸ்டெல்லா இல்லை. முதலிலிருந்து ஆட வெள்ளிக்கிழமைகளும் இல்லை.

"லூசு! உன்ன யார்ரா சேவ் பண்ண சொன்னது?" என்று கத்திய ஸ்டெல்லா, கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடு, பேஜார் பண்ணாத. நான் செத்தா இன்னா, நீங்க போங்க. எப்டி முடியுதுன்னாவது பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

அவள் ஊரில் இருந்த கடைசி வெள்ளிக்கிழமையில் முடித்தோம். சார்தான் கடைசிப் பேயை அடித்து நொறுக்கினார். பொழுது விடிகிறது, மழை நின்றிருக்கிறது. மூன்று பேரும் காரில் ஏறுகிறார்கள். பின்சீட்டில் ஓர் இடம் காலி. கார் நகர்ந்து தூரம் போகப் போக, பின்னால் பங்களா சிறுத்துக்கொண்டே வருகிறது. கீழே, தரையோடு ஒட்டிய ஒரு சின்ன ஜன்னலில் மட்டும் ஒரு விளக்கு எரிகிறது. இம்ரான் சத்தம் வராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

ஸ்டெல்லா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "யார்ரா அது, உள்ள லைட்ட போட்டுட்டு வந்தது? கரண்டு பில்லு யாரு கட்றது?" என்றாள்.

அழுத கண்ணோடு நாங்கள் சிரித்த சிரிப்பில் பெட்டிகள் சரிந்தன. அறை முழுக்க வெயில் கொட்டியது. இரண்டு நாள் கழித்து பீரோ, கட்டில், துணிமூட்டைகளோடு லாரி கிளம்பியபோது, முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து அவள் கத்தியதும் அதுதான்: "லைட்ட அணைச்சுட்டு வாங்கடா!"

ஷூ வாங்கி வந்த அன்றே அந்த விளையாட்டைத் தேட உட்கார்ந்தேன். பெயர் தெரியாதே. பழைய விளையாட்டுகளைப் பற்றி உலகெங்கிலும் இருந்து பேசிக்கொள்கிற ஓர் இணையக் குழுவில், "நான்கு விளக்கு, தாடிக்காரர், தோல் தொங்கும் நிலவறை" என்று எழுதிப் போட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் பெயரைச் சொன்னார். ரசிகர்கள் சேர்ந்து அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் வைத்திருந்தார்கள். லேப்டாப்பில் ஏற்றி, ஆபீசுக்கு லீவு போட்டு ஆடினேன். நிலவறைக்கு வந்தேன். குட்டைமுடிப் பெண் தோலைப் போர்த்திக்கொண்டாள். வரிசையில் நின்றாள். இந்தத் தடவை எழுத்து எனக்குப் புரிந்தது.

"நான் இதற்குள் ஒளிந்துகொள்கிறேன். அது போனதும் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அதுவரை அசைய மாட்டேன்."

உடனே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அவள் இப்போது பல்லாவரத்தில் பயாலஜி டீச்சர். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்வதோடு சரி, பேசி நாளாகியிருந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை நான்.

"ஸ்டெல்லா, நீ சாவலடி!"

"யாரு... கண்ணாடியா? இன்னாடி ஆச்சு உனக்கு?"

சொன்னேன். அந்த வரிகளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "அப்ப அந்த ஜன்னல்ல இருந்த லைட்டு?" என்றாள்.

"நீதான்."

"அடப்பாவிங்களா! நான் உசுரோட தொங்கினு இருக்கேன், நீங்க கார்ல ஏறிப் போய்ட்டீங்க. அந்த சாரு வேற முன்சீட்ல!"

அடுத்த வெள்ளிக்கிழமை ஆம்பூரில் கூடினோம். ஸ்டெல்லா ரயிலில் வந்தாள். இம்ரான் ஊரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். அவர்கள் குடும்பம் வேறு தெருவுக்கு மாறிவிட்டது, யூனிட் இல்லை. கட்டடம் இப்போது பிரியாணிக் கடை. எங்கள் பெட்டி அறைதான் அதன் ஏசி குடும்ப அறை. ஜன்னல் இருந்த இடத்தில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் சீரியல் பல்பு. அங்கேயே மேஜைமேல் லேப்டாப்பை விரித்தோம். "மேடம், சாப்ட இன்னா சொல்றீங்க?" என்று வந்தவரை இம்ரான், "பாய், ஒரு அஞ்சு நிமிஷம், ஒரு ஆள மீட்கணும்" என்று திருப்பி அனுப்பினான்.

நிலவறை. வரிசை வரிசையாகத் தோல். சாரை முன்னால் அனுப்பினோம். பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்ற கட்டளையை ஸ்டெல்லாவே அமுக்கினாள். ஒரு தோல் அசைந்தது. குட்டைமுடிப் பெண் வெளியே வந்து விளக்கை ஏற்றினாள். நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. கார் கிளம்பும்போது நான்கு பேர். பங்களா முழுக்க இருட்டு. ஜெயித்த கணக்குதான்.

ஸ்டெல்லா மட்டும் கத்திரிக்காய்த் தொக்கைத் தொட்டுக்கொண்டே யோசித்தாள். "இவ வேற ஸ்டெல்லாடி. அந்தக் கார்டுல இருக்கறவ இன்னா ஆனா?"

இம்ரான் தலையைச் சொறிந்தான். யூனிட்டை மூடியபோது மெஷின்களை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கேம் பெட்டி, டிவி, கார்டு எல்லாம் ஒரே மூட்டையாகப் பழைய சாமான்காரரிடம் போயிற்று. எந்த ஊரில் எந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கிறதோ, தெரியாது. மெஷின் சத்தம் போனது, பெட்டிச் சுவர் போனது, அந்த அறையில் சொல்யூஷன் வாசனைகூட மிச்சமில்லை, ஏலக்காயும் நெய்யும்தான். ஆனால் அந்தக் கட்டைவிரல் அளவு கார்டுக்குள் ஒருத்தி இன்னும் அசையாமல் நிற்கிறாள். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும் என்று, தரையோடு ஒட்டிய சின்ன ஜன்னலில் விளக்கைப் போட்டுவைத்திருக்கிறாள்.

கரண்டு பில் ஏறிக்கொண்டே இருக்கும்.