முன்னால் புறப்பட்டுப் போன ஆணி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது தெரிந்தும் என் வீட்டுக்காரர் அந்த வெள்ளிக்கிழமை அப்படியொரு காரியம் செய்தார்.

வெள்ளாயணிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். போன வருஷம் நெல் முற்றி நின்றபோது அறுப்பு மெஷின்காரர்களை ஒருத்தர் விடாமல் கூப்பிட்டேன். "ரெண்டு ஏக்கருக்கா சேச்சி?" என்று சிரித்தார்கள். இதோ வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார்கள். அதற்குள் மழை வந்துவிட்டது. கதிரெல்லாம் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, அங்கேயே முளைவிட்டது. வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இனி எவன் தயவுக்கும் காத்திருக்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

அப்புறம்தான் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில், ஒரு காலிமனையில் புல் மூடிக் கிடந்த பழைய அறுப்பு மெஷின் கண்ணில் பட்டது. ஆரியசாலையில் அப்பாவின் பம்புசெட் கடையில் வளர்ந்தவள் நான். எஞ்சினைப் பிரித்துப் பூட்டித்தான் இந்தக் கை காய்த்துப்போயிருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தேன். டீசல் பம்பு மட்டும்தான் செத்திருந்தது, மற்றதெல்லாம் சரி.

"இந்தச் சவத்தை வெச்சு என்ன செய்யப்போறே?" என்றார் வீட்டுக்காரர்.

"நெல்லு அறுக்கப்போறேன்."

மனைக்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஒரு கெடு வைத்தார். இடம் விற்றுப்போயிற்று, வீடு கட்ட அஸ்திவார வாணம் தோண்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் எடுக்காவிட்டால் ஆக்ரிக்காரர் லாரியோடு வருவார். ஆக்ரி என்றால் இங்கே பழைய இரும்பு. கேஸ் வைத்துத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். இந்த வருஷ நெல்லோ பால் பிடித்து நின்றது.

முன்பக்கத்து அறுக்கும் தட்டை முந்தின நாளே கழற்றி டெம்போவில் அனுப்பிவிட்டேன். மெஷினையும் டிராக்டரையும் பூட்டுவதற்கு ஒரு நீளமான இழுவைக் கம்பி, மெஷின் பக்கத்துத் துளைக்கு அளவெடுத்து லேத்தில் கடைந்து வாங்கிய இரும்பு ஆணி, எல்லாம் தயார். ஒன்பது மணிக்கு வரவேண்டிய டிராக்டர் பஞ்சராகி வழியில் நின்றது. மணி பத்தைத் தாண்டியது. வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. பத்தரைக்கு ராகு காலம். அவர் நாஞ்சில்நாட்டுக்காரர், ஆபீஸ் வேலையில் இருந்தபோது லீவு லெட்டர்கூட நேரம் பார்த்துத்தான் எழுதுவார்.

பதினொன்றேகாலுக்கு டிராக்டர் வந்தது. டிரைவர் இழுவைக் கம்பியைத் தூக்கிப் பொருத்திவிட்டு, "சேச்சி, ஆணி எவிடே?" என்றார்.

ஆணியைக் காணோம். பையைக் கொட்டிப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் தேடினேன். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் பரஸ்தானம் வெச்சுட்டு வந்தேன்."

நல்ல நேரத்தில் புறப்பட முடியாவிட்டால், கொண்டுபோகும் சாமானில் ஒன்றை முன்கூட்டியே வழியிலுள்ள ஒரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதுதான் பரஸ்தானம். வேட்டியை வைப்பார்கள், குடையை வைப்பார்கள். இந்த மனுஷர் பத்தரைக்கு முன்னாலேயே ஸ்கூட்டரில் போய், பாலத்தருகே இருக்கும் தன் சிநேகிதர் வீட்டில் ஆணியை வைத்துவிட்டு வந்திருக்கிறார்! சிநேகிதரோ தம்பானூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயாச்சு. வீடு பூட்டு. போனை எடுக்கவில்லை.

"உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? ஆணிதான் கிடைச்சுதா?"

"இரும்பு வண்டிக்கு இரும்புதானே வைக்கணும்" என்றார் பரிதாபமாக.

"உங்க பஞ்சாங்கத்துல தீயை வைக்க!"

டிரைவரிடம் இருந்த ஆணி துளையில் நுழையவில்லை, தடிமன். மணி பதினொன்றரை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. போன வருஷம் வரப்பில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்ததும் அதே கண்ணீர் கோபமாக மாறியது. சுற்றிலும் பார்த்தேன். வாணம் தோண்டுகிறவர்கள் மண்ணில் குத்தி வைத்திருந்த கடப்பாரை தெரிந்தது. போய்ப் பிடுங்கினேன். "அய்யோ சேச்சி, அது ஞங்ஙளுடெ..." என்று ஒருத்தர் ஓடிவந்தார். "சாயங்காலம் தாரேன்!" என்று கத்திக்கொண்டே மேலிருந்து துளையில் இறக்கி, சுத்தியலால் நாலு போடு போட்டேன். வசமாக இறுகியது. மேலே எழும்பாமல் கட்டுக்கம்பி சுற்றினேன். ஓடிவந்தவரே சிரித்துக்கொண்டு கம்பியை முறுக்கிக் கொடுத்தார்.

நான் மெஷின் சீட்டில் ஏறினேன். இந்த வண்டிக்குப் பின்சக்கரம்தான் திரும்பும். முன்னால் ஒழுங்காகப் போகிறதே என்று இருந்தால் பின்னால் வால் போய் யார் மதிலையாவது இடித்துவிடும். எஞ்சின் ஓடாததால் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள்பட்டை இற்றுப்போயிற்று. மனை வாசலுக்கு வந்தால் எதிரே ஆக்ரி லாரி! நான் எழுந்து நின்று கையை வீசினேன். லாரி முக்கி முனகிப் பின்னால் போய் வழிவிட்டது. ஆஹா, அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இன்னொரு தடவை இழுக்கலாம்.

வீட்டுக்காரர் மூங்கில் கழியோடு முன்னால் நடந்து, தாழத் தொங்கிய கேபிள் வயர்களைத் தூக்கிப் பிடித்தார். டீக்கடை வளைவில் வால் ஒரு மதிலுக்கு நாலு விரல் தள்ளிப் போனது. கடையில் இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். பாலத்தருகே அந்தப் பூட்டிய வீட்டைக் கடக்கும்போது நான் அவரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். வீட்டு முற்றத்துக்குள் வண்டி நுழைந்ததும் ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

டீசல் பம்பை இறக்கி, பிரித்து, மாற்றி, அறுக்கும் தட்டையும் பூட்டி, மூன்று வாரம் அதோடேயே கிடந்தேன். நெல் முற்றியது. ஒரு புதன்கிழமை மத்தியானம், பன்னிரண்டரை இருக்கும், கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மெஷினை இப்போதே வயலில் இறக்கியாக வேண்டும். நடு ராகு காலம்.

"சாவி எங்கே?" என்று வரப்பைப் பார்த்துக் கத்தினேன்.

"வண்டியிலதான் இருக்கு. ஏறு!" என்றார். "பரஸ்தானம் இந்தத் தடவை என் கண்ணாடி."

கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பத்தடி தள்ளி நிற்கும் பசுமாடுகூடத் தெரியாது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. தட்டை இறக்கினேன். முதல் வரிசைக் கதிர் உள்ளே போய், நெல் தொட்டியில் பொலபொலவென்று விழுந்தது. வரப்பில் அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, நானில்லாத பக்கமாகப் பார்த்து நின்றார்.

"அறுக்குதா? அறுக்குதா?"

"அறுக்குது!" என்று கத்தினேன்.

"சத்தமாச் சொல்லு!"

"அறுக்குதுங்க!"

மழை நாலு மணிக்குத்தான் வந்தது. அப்போது வயலில் நெல் இல்லை.