ஒப்பனைக்கான பரிசு

அண்ணன் அந்தத் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட கணம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சென்னையில், காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் வேஷம் கட்டிக்கொண்டு கூடும் விழா அது. எங்கள் இருவருக்கும் முதல் தடவை. போட்டி மேடைக்குப் பின்னால் முறை வரக் காத்திருந்தோம். ஃபோம் பாயை வெட்டி ஒட்டி, முகம் முழுக்க மறையும்படி நானே அளவெடுத்துச் செய்த கவசம். "மூச்சு முட்டுது பாப்பா," என்றவர் மறுபடி அதை மாட்டவே இல்லை.

அண்ணன் என் பெரியப்பா மகன். போடியிலிருந்து குரங்கணிப் பக்கத்து மலை எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பு ஓட்டுகிறவர். வாலிபத்தில் அவர் முகத்தில் வெண்புள்ளி வரத் தொடங்கியது. முதலில் கண்ணைச் சுற்றி, வாயோரம். பிறகு கழுத்து, கைகள். ஒட்டுகிற நோயும் அல்ல, வலிக்கிற நோயும் அல்ல. ஆனால் கடையில் காசு வாங்குகிறவர்கள்கூட அவர் கைபடாமல் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வெயிலிலும் முழுக்கைச் சட்டை, புழுதிக்கு என்று சொல்லி முகத்தில் துண்டு. விழா நடந்த சமயம், பக்கத்து ஊரான சிலமலையில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அவர்களுக்கு அனுப்பியது, வெண்புள்ளி வருமுன் எடுத்த அவருடைய பழைய படம். பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்.

கல்லூரியில் படித்துக்கொண்டே நான் வரைந்துவந்த படக்கதையில் ஒரு மலைக்காவலன் உண்டு. அவனுக்கு எதிரி, ரத்தம் உறிஞ்சும் ஓர் அட்டை, ஆள் உயரத்துக்கு. அந்த வேஷங்களில் விழாவுக்குப் போயே ஆகவேண்டும் என்று நான் குதித்தபோது வீட்டில் தனியாக விட மறுத்தார்கள். துணைக்கு வருவதாகச் சொன்ன அண்ணன், முகம் தெரியாத வேஷம் என்றதும் காவலனாகவும் சம்மதித்தார். ஜீப்பின் கிழிந்த படுதா அவருக்கு மேலங்கி ஆனது. எனக்குக் கறுப்பு ரெக்சினில் அட்டையின் உடம்பு. நான் அதை மாட்டிக்கொண்டு நெளிந்ததைப் பார்த்து பெரியம்மா, "ஒரு பிடி உப்பப் போட்டா இவ சோலி முடிஞ்சுச்சு," என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். புறப்படும்போது மட்டும் அண்ணனிடம் தணிந்த குரலில், "அங்க போயி மூஞ்சியத் தெறந்துறாதடா. கண்ட பயலும் போட்டோ எடுப்பான்," என்றார்.

திறந்த முகத்தோடுதான் அவர் மேடையேறினார். விளக்கு வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் திட்டுகள் மலைமேல் கிடக்கும் மேகம்போல இருந்தன. அவர் பாட்டுக்கு நின்றார், அரங்கு ஆர்ப்பரித்தது. அத்தனை பேர் அவர் முகத்தை ஆசையாகப் பார்த்து அதற்குமுன் நான் கண்டதில்லை. ஏன் என்பது பரிசு அறிவித்தபோதுதான் புரிந்தது. சிறந்த முக ஒப்பனைக்கான கேடயம் அவருக்கு. நடுவர் அதைக் கொடுத்துவிட்டு, "இந்த மேக்கப் போட எவ்வளவு நேரம் ஆச்சு சார்?" என்று மைக்கை நீட்டினார்.

ஒரு பொய் போதும். சிரித்துவிட்டு இறங்கியிருக்கலாம். கீழே எல்லாரும் போனில் எடுத்துக்கொண்டிருந்த வீடியோ சிலமலைக்கே போனாலும் வேஷம் என்றுதான் நம்புவார்கள். எனக்கு வந்த அந்த யோசனை அவருக்கும் வந்திருக்கும். கேடயத்தைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், அதைக் கையில் வாங்கினார்.

"மேக்கப்பு இல்லங்க. என் மூஞ்சியே இதுதான். மேக்கப்பு போட்டு வந்த பிள்ளைக்கு இதக் குடுத்துருங்க."

நடுவர் தடுமாறி மன்னிப்புக் கேட்டார். முகமெல்லாம் நீலம் பூசிப் பின்னால் நின்றிருந்த ஒரு பெண்ணிடம் அண்ணனே கேடயத்தைக் கொடுத்தார். பிறகு கைதட்டல் எழுந்தது. அதற்காக அவர் நிற்கவில்லை.

நாங்கள் போடி வந்து சேருமுன்னே வீடியோ வந்து சேர்ந்திருந்தது. சிலமலைக்காரர்கள் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. இன்றுவரை அண்ணனுக்கு வேறு இடமும் அமையவில்லை. என் காவலனை இப்போதெல்லாம் முகம் மூடாமல்தான் வரைகிறேன். அதனால் அவர் வாழ்வில் எதுவும் மாறிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பிய அந்தக் காலையில் பெரியம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. திட்டு விழும் என்று நான் நினைத்தேன். அவரோ அண்ணனைப் பார்க்காமலே கேட்டார்.

"மைக்கப் பிடிக்கயில கையி ஏன்டா அப்பிடி நடுங்குச்சு?"

"ஏசிம்மா. ஒரே குளிரு."

"மார்கழிப் பனியில மலைக்கு லோடு ஏத்துற பயலுக்கு ஏசி குளிருச்சாக்கும்," என்றவர், தன் போனை என்னிடம் நீட்டினார். "ஏத்தா, அந்த வீடியோவ இன்னொருக்கா போடு. பாப்போம்."