ஞாயிற்றுக்கிழமை மாமா

இன்று என் மகள் மூன்றாவது முறையாகக் கடைக்குப் போய் வந்தாள். கே.கே. நகரில் பூனைக்கென்றே ஒரு கடை வந்திருக்கிறது. முதல் தடவை மீன் வடிவத்தில் பிஸ்கட், இரண்டாம் தடவை டப்பாவில் அடைத்த கோழி, இப்போது பசைபோல ஏதோ ஒன்று. பேத்தி எங்கிருந்தோ எடுத்து வந்த அந்தச் சாம்பல் குட்டி எல்லாவற்றையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தியைப் போலத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. மகள் சமையலறைத் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, தட்டை இங்கும் அங்கும் நகர்த்தினாள். ஐம்பது வயதுப் பெண்மணி, முகத்தில் அவ்வளவு கவலை.

"ஏம்ப்பா, நீங்க எப்பவாவது பூனை வளர்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். உங்களிடம் சொல்வதில் ஒன்றுமில்லை, நீங்கள் அவளிடம் போய்ச் சொல்லப் போவதில்லை.

அந்தப் பிஸ்கட்டின் மீன்வாடை என்னை நேராகத் திருவரங்கத்துப் பின்கட்டு அறை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தியது. ஐம்பதுகளின் கடைசி. எனக்குத் திருச்சி கண்டோன்மெண்டில் குமாஸ்தா வேலை. மனைவிக்குக் கும்பகோணத்தில் டீச்சர் வேலை. அவள் அப்பா படுத்த படுக்கையாக இருந்ததால் அவளால் ஊரைவிட்டு வர முடியாது. நான்தான் அங்கே போகவேண்டும். கும்பகோணத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அப்போது கர்ப்பிணி. குழந்தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசை.

எங்கள் ஆபீசர் நாகப்பட்டினத்துக்காரர். நல்ல மனிதர், கையெழுத்துப் போடுவதில் மட்டும் நிதானம். அவருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. முத்து என்று ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. ஆபீசரம்மா காந்தி மார்க்கெட்டிலிருந்து வரவழைத்த நெத்திலியை மஞ்சள் போட்டு வேகவைத்து, முள் நீக்கித் தன் கையாலேயே ஊட்டுவார். ஒருநாள் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் ஊருக்குப் போறோம். முத்துவை நீங்க பார்த்துக்குறீங்களா? உங்க மாற்றல் பேப்பர் பார்த்தேன். வந்ததும் போட்டுடலாம்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிற அளவுக்கு நான் அசடு இல்லை. மூங்கில் கூடையில் பூனையை வைத்து, சைக்கிள் கேரியரில் கட்டி, காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டேன். என் அசட்டுத்தனம் வேறொரு இடத்தில் இருந்தது. நான் குடியிருந்தது உத்திர வீதியில் ஒரு வைணவ மாமியின் வீட்டுப் பின்கட்டு. முட்டையின் ஓடுகூட அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது குடிவைத்த நாளிலேயே போட்ட நிபந்தனை. நான் மீன் சாப்பிடுகிற சாதிதான். சனிக்கிழமைகளில் சத்திரம் பக்கத்து மிலிட்டரி ஹோட்டலில் ஆசை தீரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஆற்றில் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.

பூனைதானே, பால் வைத்தால் குடிக்கும் என்று நினைத்திருந்தேன். முத்து பாலைப் பார்க்கவே இல்லை. பன் வாங்கினேன், ரொட்டியை நெய்யில் பிசைந்தேன். மூன்றாம் நாள் அதன் விலா எலும்பு தெரிந்தது. மிலிட்டரி ஹோட்டலில் வறுத்த மீன் வாங்கி, வாழையிலையில் சுற்றி, மடக்கிய குடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். முற்றத்தைக் கடப்பதற்குள் மாமியின் குரல் வந்தது.

"என்ன தம்பி, ஏதோ வாசனை?"

"இருமலுக்கு டாக்டர் குடுத்த மீனெண்ணெய் மாமி."

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மீனை அந்த மகராசி தொடவில்லை. மிளகாய்ப்பொடி போட்டு வறுத்திருந்தார்கள். பசியில் அது கத்திய கத்தலில் மாமி பின்கட்டுக்கே வந்துவிட்டார். அறையைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்ற பயத்தில், பூனை மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை என்று உளறினேன். அவர் மீனைப் பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரா என்று இன்றுவரை தெரியாது.

"மூணு நாளா பட்டினியா? என்ன அபசாரம் இது! நம்மாத்துல ஒரு ஜீவன் பட்டினி கிடக்கலாமோ? இருங்கோ, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டுத் தரேன்."

அந்த வீட்டில் பெருமாளுக்குப் படைக்காத ஒரு பருக்கைகூட யார் வாய்க்குள்ளும் போகாது. பூனைக்கும் அதே சட்டம்தான். பால் விட்டுக் குழையப் பிசைந்த தயிர்சாதத்தைப் பெருமாள் முன்னால் வைத்து, கணகணவென்று மணியடித்து, அதன் பிறகுதான் கொண்டுவந்து வைத்தார். முத்து வழித்து நக்கியது. அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை மணி, தயிர்சாதம். நான் நிம்மதியாகத் தூங்கினேன். பூனைக்குச் சோறு போட்ட புண்ணியம் எனக்கு மாற்றலாக வரும் என்று மனைவிக்குக் கடிதம்கூட எழுதினேன்.

ஆபீசர் திரும்பி வந்தார். பூனையை ஒப்படைத்தேன். இரண்டாம் நாள் ஆபீசரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நெத்திலியை முத்து மோந்துகூடப் பார்க்கவில்லை. அவரே தயிர்சாதம் பிசைந்து வைத்தும், மீன் புழங்கிய சட்டி வாசனைக்கு விலகிப் போய்விட்டது. நான் மாமியிடம் ஓடி ஒரு தூக்கில் சோறு வாங்கி வந்து வைத்தேன். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. போச்சு, மாற்றல் போயே போச்சு என்று சைக்கிளை நகர்த்தும்போது கை பட்டு மணி அடித்தது. முத்து சட்டென்று குனிந்து தின்ன ஆரம்பித்தது!

அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "கவலைப்படாதீங்க சார், நான் இருக்கேன், எங்கிட்ட சாப்பிடும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்படித்தான்.

மாற்றல் பேப்பரைப் பற்றி மறுவாரம் கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்க. முத்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பட்டும். நீங்க போயிட்டா அது செத்துடும்யா."

சோற்றை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெருமாளுக்குப் படைத்ததை, குளித்தானா இல்லையா என்று தெரியாத ஆள் கையில் மாமி கொடுக்க மாட்டார். ஆக, காலையில் நான் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்று தூக்கை வாங்கவேண்டும், கண்டோன்மெண்ட் வரை மிதிக்கவேண்டும், ஆபீசர் வீட்டு வாசலில் மணியடிக்கவேண்டும். மீதிச் சோற்றை ஈரத்துணி சுற்றி என் மேஜைக்கடியில் வைத்திருந்து சாயங்காலம் இன்னொரு தடவை. ஆபீசில் எனக்குப் 'பூசாரி' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெத்திலியைக் கலந்து பழக்கலாம் என்று நானும் சூழ்ச்சி செய்து பார்த்தேன். முத்து ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தது. ஆபீசரம்மாவும் சாப்பிடவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

குழந்தை பிறந்த தந்தி ஒரு காலையில், நான் தூக்கோடு கிளம்பும்போது வந்தது. பெண் குழந்தை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதலில் கண்டோன்மெண்டுக்குப் போய்ப் பூனைக்கு மணியடித்தேன். அப்புறம்தான் ரயிலுக்குப் போனேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. பூனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாராவாரம் காலையில் முத்துவுக்கு வைத்துவிட்டு ரயிலேறி, கும்பகோணத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, சாயங்கால வேளைக்குத் திரும்பிவிடுவேன். நான் போகிற நேரத்தில் குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலச் சோற்றை ஆபீசர் வீட்டில் வைத்தால் மீன்வாடை ஏறிவிடும் என்பதால் தூக்கும் என்னோடு ரயிலில் வரும். முதல் தடவை அதைப் பார்த்து மனைவி ஆசையாகக் கேட்டாள்.

"தூக்குல என்ன?"

"பூனைக்குச் சோறு."

"எங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அடுத்த வாரத்திலிருந்து கேட்கவில்லை. மாமி மட்டும் ஒருநாள் தூக்கை நீட்டிவிட்டுப் பிடியை விடாமலேயே, "ஆத்துக்காரியையும் குழந்தையையும் விட்டுட்டு இதென்ன தம்பி கைங்கர்யம்?" என்று கேட்டார். நான் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். ஆபீசரிடம் 'முடியாது' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் கிட்டத்தட்ட மூன்று வருஷமாக எனக்கு வாய்க்கவில்லை. பயம், வேறென்ன?

கடைசியில் மாற்றல் வந்தது, எனக்கல்ல, ஆபீசருக்கு. சென்னைக்கு. முத்துவுக்காகவே திருவல்லிக்கேணியில் ஒரு வைணவ வீட்டின் மாடியைப் பிடித்திருந்தார்கள். ரயிலடியில் ஆபீசரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. உங்க சைக்கிள் மணியைத் தருவீங்களா? அது இந்த சத்தத்துக்குத்தான் பழகியிருக்கு." வெளியே போய்க் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். கூடைக்குள்ளிருந்து முத்து என்னைப் பார்த்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது.

புது ஆபீசர் ஒரே வாரத்தில் என் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். மணியில்லாத சைக்கிளையும் பெட்டியையும் ரயிலில் போட்டுக் கும்பகோணம் போய் இறங்கினேன். அன்று புதன்கிழமை. வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த மகள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"அம்மா, ஞாயித்துக்கெழம மாமா வந்திருக்காரு. இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாம்மா?"

மனைவி வெளியே வந்து, "மாமா இல்லடி, அப்பா" என்றாள். குழந்தை யோசித்தது. வா என்று கையை நீட்டினேன். வரவில்லை. பூனையைக் கூப்பிடத் தெரிந்த எனக்கு அவளை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

உத்திர வீதியில் மாமியின் வீடு இப்போது யாத்திரிகர்கள் தங்கும் லாட்ஜ். நான் மிதித்துப் போன பழைய பாலம் இல்லை. மிலிட்டரி ஹோட்டல் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மாமி போய்விட்டார், ஆபீசர் போய்விட்டார், என் மனைவியும் போய்ப் பத்து வருஷமாகிறது. அந்த மூன்று வருஷமும் அப்பா ஏன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தார் என்று அவள் கடைசிவரை மகளிடம் சொல்லவில்லை. ஆபீஸ் வேலை என்றே சொல்லி வைத்திருந்தாள். மகள் முதலில் தவழ்ந்ததையும் முதலில் பேசியதையும் நான் பார்க்கவில்லை. இப்போது அவற்றை எனக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

மகள் இன்னும் சமையலறைத் தரையில்தான் இருக்கிறாள். குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் பால் விட்டுத் தயிர்சாதம் குழையப் பிசைந்து வைத்துப் பார் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.