நிமிராத முதுகு

கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத்தின் தச்சுப் பட்டறையில், பாறைக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகளை அறுப்பது என் வேலை. வேலூரில் அச்சுக்கூடத்துக்கு மரப்பலகையில் பூப்படம் செதுக்கியவன் என்று வாய் சும்மா இராமல் பீற்றிக்கொண்டேன். உடனே சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை, தங்கக் கல் திருடுகிறவனைப் பலகையில் செதுக்கச் சொல்லிவிட்டார். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி, எச்சரிக்கையாக அச்சடித்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் ஒட்டுவார்களாம்.

மூன்று பலகைகளை வீணாக்கினேன். நான் வெட்டிய திருடன் கல்யாணத்துக்குப் போகிறவன் போல் விறைப்பாக நின்றான். அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து, ஆள் ஏற்றிவரும் கேஜ் கூண்டை விட்டு இறங்கி வந்தார் பக்கத்து வீட்டு மாமா. உறவில்லை, ஆனாலும் மாமாதான். தாழ்ந்த குடைவுகளில் முட்டி போட்டுப் பாறை உடைத்தே வளைந்துபோன முதுகு. தொங்கிய இடது தோள். வயிற்றோடு ஒட்டிய கை. ஓடிப்போய் உளியை எடுத்தேன்.

அச்சில் இடம் வலமாக மாறும் என்று யோசித்துத் திருப்பி வெட்டினேன். அவ்வளவு கவனம்! முகம் கிடையாது, பின்பக்கம் மட்டும்தான். கன்னங்கரேலென்ற உடம்பில், முதுகெலும்பு நெடுக நாலே வெள்ளைக் கீறல். பயமும் களவும் அந்த முதுகிலேயே தெரிந்தன. நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான், இப்போதும் சொல்வேன்.

ஒட்டிய அன்றே அது யார் முதுகென்று கூட வேலை செய்பவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "இன்னா மாமா, உன் படம் போட்டுகீறாங்களே!" என்று ஒரே சிரிப்பு. ஒரு வாரத்தில் வாசல் காவல்காரர்களுக்கும் சந்தேகம் வந்தது. மற்றவர்களைத் தடவிப் பார்த்து அனுப்பியவர்கள், மாமாவை மட்டும் வேட்டியை அவிழ்க்க வைத்தார்கள். ஒருநாளும் எதுவும் கிடைக்கவில்லை.

மாமா பட்டறைக்கு வந்தார். திட்டவில்லை.

"அந்தக் கட்டையில என் முதுவ கொஞ்சம் நிமித்திக் குடுப்பா. ஊட்ல பசங்களே என்ன ஒரு மாதிரி பாக்குதுங்க."

"வெட்டுன மரத்த ஒட்ட முடியாது மாமா."

அது உண்மைதான். ஆனால் புதுப் பலகையில் வேறொருவனை வெட்டியிருக்கலாம். ஒரு நாள் வேலை. அந்தப் படத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை. பாவி, பழியை மரத்தின்மேல் போட்டேன்.

அவர் நம்பினார். "மரம் இன்னா பண்ணும், பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அந்தப் படத்தைத் தாண்டும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடக்கப் பார்த்தார். ஐந்தாறு அடிக்கு மேல் அவரால் முடியவில்லை.