பிரேக் பார்க்காத லொறி

பழைய லொறிகளைத் திருத்தி ஓட்டுவது என் பொழுதுபோக்கு. அக்குறணை வீட்டில் ஒரு லொறிக்குப் புது நிறம் பூசியதும், அதை ஓட்டிக் காட்டும் ஆசை தாங்கவில்லை. பிரேக் தளர்வாக இருப்பது தெரிந்தும், மகளையும் அவளுடைய தோழிகளையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன்.

திரும்பும்போது இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. விடாமல் ஹோர்ன் அடித்தேன். முன்னால் போன பஸ் சாரதி புரிந்துகொண்டு மெல்ல வேகத்தைக் குறைத்தார். பஸ்ஸின் பின்புறத்தில் முட்டி லொறி நின்றது. யாருக்கும் காயமில்லை.

இறங்கி வந்த சாரதி என்னைத் திட்டவில்லை. "புள்ளைங்கள பஸ்ல ஏத்துங்க. கண்டிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

மகள் மட்டும் ஏறவில்லை. "நான் ஒங்களோடயே வாறேன் வாப்பா."

"லொறி பழுது மகள்," என்று அவளையும் ஏற்றிவிட்டேன். பிழை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் சொல்லவில்லை.